திறமையில் குறையில்லை, ஆனாலும் வேண்டாம்: மென்பொருள் நேர்காணல்களில் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்?

வேளச்சேரிவாசி (கேள்வி)

வணக்கம். பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேக்எண்ட் (பயனர் கண்ணில் படாமல் சர்வரில் இயங்கும் பகுதி) பொறியாளராக வேலை பார்க்கிறேன்; பெரும்பாலும் ஜாவா, அண்மைக் காலமாக கோ மொழி. சென்னையில் கிளை வைத்திருக்கும் ஒரு ப்ராடக்ட் நிறுவனத்தில் மூத்த பொறியாளர் பதவிக்கான நேர்காணல்கள் எல்லாம் முடிந்து, சென்ற வாரம் ரெக்ரூட்டர் தொலைபேசியில் அழைத்தார். தொழில்நுட்பத்தில் என்மீது யாரும் குறை சொல்லவில்லை என்றும், ஆனால் இந்தக் குழுவுக்கு நான் பொருந்துவேன் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வரவில்லை என்றும், ஓராண்டு கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார். அந்த நம்பிக்கை எதனால் வரவில்லை என்று கேட்டேன். அதையெல்லாம் வெளியில் சொல்லும் வழக்கம் இல்லை என்று முடித்துக்கொண்டார்.

வேலை கிடைக்காததை முறையிட இதை எழுதவில்லை. என்னைவிடத் தகுதியான ஒருவர் வந்திருந்தால் அந்த இடம் அவருக்குப் போவதே சரி. எந்த அளவுகோலில் நான் குறைந்தேன் என்பது எனக்கு மட்டுமல்ல, என்னை நிராகரித்தவர்களுக்கே தெரியுமா என்ற சந்தேகம்தான் என்னை உறுத்துகிறது. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

சிஸ்டம் டிசைன் சுற்றில், நீளமான இணைய முகவரிகளைச் சுருக்கித் தரும் சேவை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். நாளொன்றுக்கு ஒரு லட்சம் புதிய இணைப்புகள் உருவாகும், ஒரு கோடி முறை அவை திறக்கப்படும் என்று எண்களையும் அவர்களே கொடுத்தார்கள். ஒரு கோடியை 86,400 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 116 கோரிக்கைகள்; நெரிசல் நேரத்தில் பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் 1,200-ஐத் தாண்டாது. ஐந்தாண்டுகளில் சேரும் பதிவுகள் சுமார் 18 கோடி. பதிவுக்கு 500 பைட் என்றால் எல்லாம் சேர்ந்து 90 ஜிபி சொச்சத்தில் அடங்கிவிடும். ஆகவே ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், படிப்பதற்கென அதன் நகலாக ஒரு ரெப்ளிகா, அடிக்கடி கேட்கப்படுபவற்றை நினைவகத்தில் வைத்துத் தர முன்னால் ஒரு ரெடிஸ் கேஷ், இவையே போதும் என்றும், தரவைப் பல தரவுத்தளங்களுக்குப் பிரித்து வைக்கும் ஷார்டிங்கோ, செய்திகளை வரிசையாகக் கடத்தும் காஃப்காவோ எந்த அளவுக்கு மேல் தேவைப்படும் என்றும் கணக்கோடு சொன்னேன். கேட்டவருக்கு அது பிடிக்கவில்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. பெரிய அளவில் யோசித்துப் பழக்கமுண்டா என்று இரண்டு முறை கேட்டார். இதே கேள்விக்கு இதே விடையை முன்பு வேறொரு நிறுவனத்தில் சொன்னபோது, முதலில் எண்ணைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு என்று பாராட்டி ஆஃபரே கொடுத்தார்கள். சம்பளம் ஒத்துவராததால் நான் சேரவில்லை.

ஒரே விடை ஓரிடத்தில் தகுதியாகவும் இன்னோரிடத்தில் குறையாகவும் ஆகுமென்றால், அளக்கப்படுவது நானா, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் விருப்பமா? மாதக்கணக்கில் லீட்கோட் தளத்தில் கோடிங் கணக்குகளைப் போட்டு, வீட்டில் குழந்தையைத் தூங்கவைத்த பிறகு விழித்திருந்து படிக்கிறவர்கள் இந்தத் துறையில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் எதற்குத் தயாராகிறார்கள்? நேர்காணல் எடுக்கும் பக்கம் உட்காருபவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். உள்ளே என்னதான் நடக்கிறது என்று சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பெங்களூரு பேக்எண்ட்

நான் பல ஆண்டுகளாக நேர்காணல் எடுக்கிறேன். பெரிய நிறுவனங்களிலும் இருந்திருக்கிறேன், நடுத்தர நிறுவனங்களிலும் இருந்திருக்கிறேன். உங்கள் சந்தேகம் நியாயமானது. முடிவு உண்மையில் உருவாவது நேர்காணலில் அல்ல, அதற்குப் பின் நேர்காணல் எடுத்தவர்கள் கூடிப் பேசும் டிப்ரீஃப் கூட்டத்தில். அந்தக் கூட்டத்தை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே நீங்கள் கேட்கும் அளவுகோல் இருக்கிறதா இல்லையா என்பதும் அமைகிறது.

நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். நான்கு பேர் நேர்காணல் எடுத்திருந்தோம். கோடிங் சுற்றை எடுத்தவருடைய குறிப்பில், கோடு எழுதத் தொடங்கும் முன் விண்ணப்பதாரர் நிறையக் கேள்விகள் கேட்டார் என்று ஒரு வரி இருந்தது. உள்ளீடு காலியாக இருந்தால் என்ன செய்வது, ஒரே மதிப்பு இரண்டு முறை வருமா என்பன போன்ற கேள்விகள். எழுதியவர் அதைப் பாராட்டாகவே எழுதியிருந்தார். கூட்டம் தொடங்கியதும், ஆள் தேடும் குழுவின் மேலாளரான ஹயரிங் மேனேஜர், தமக்கு இவர்மீது ஈர்ப்பு வரவில்லை என்று முதலில் பேசிவிட்டார். அடுத்த பத்து நிமிடங்களில் அதே வரி, இவருக்குத் தன்னம்பிக்கை இல்லை, ஒவ்வொன்றுக்கும் கைபிடித்து நடத்த வேண்டியிருக்கும் என்று படிக்கப்பட்டது. அதை எழுதியவரே தலையாட்டினார். விண்ணப்பதாரர் செய்தது எதுவும் மாறவில்லை. கூட்டத்தில் மூத்தவர் முதலில் வாயைத் திறந்தது ஒன்றுதான் நடந்தது.

இன்னொரு நிறுவனத்தில் முறை வேறு. ஒவ்வொருவரும் தம் குறிப்பையும் மதிப்பையும் பதிவேற்றும் வரை மற்றவர்கள் எழுதியதைப் பார்க்கவே முடியாது. ஒவ்வொரு சுற்றும் எதைச் சோதிக்க வேண்டும், எந்த விடை நல்லது, எது நடுத்தரம், எது போதாது என்பதெல்லாம் கேள்வியோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். அங்கேயும் தவறுகள் நடந்தன என்றாலும், ‘எனக்கு என்னவோ போல் இருந்தது’ என்று சொல்லி ஒருவரை நிராகரிக்க முடியாது. குறிப்பில் எந்த வரி அப்படிச் சொல்கிறது என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடுவார்.

இது என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்வதல்ல. ஆள் தேர்வு முறைகளைப் பற்றிய 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், நேர்காணல் மதிப்புக்கும் பின்னாளைய வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு, ஒழுங்கமைக்கப்பட்ட நேர்காணலுக்கு 0.51 என்றும் மனம்போன போக்கில் கேட்கும் நேர்காணலுக்கு 0.38 என்றும் கணக்கிட்டிருந்தார்கள். 2022-இல் பால் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் அந்தக் கணக்கில் இருந்த மிகைத் திருத்தங்களைக் களைந்து மறுபடி பார்த்தபோது, முதலாவது 0.42 ஆனது, இரண்டாவது 0.19-க்கு இறங்கிவிட்டது. தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1. இவ்வளவு பலவீனமான கருவியைக் கையில் வைத்துக்கொண்டுதான், ஒருவருடைய ஓராண்டு உழைப்பைப் பொருந்தவில்லை என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள்.

இதைவிட என்னை உலுக்கியது ஜேசன் டேனாவும் ராபின் டாஸும் இன்னொருவரும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களை நேர்காணல் செய்து, அவர்களின் அடுத்த பருவ மதிப்பெண்ணைக் கணிக்கச் சொன்னார்கள். சில நேர்காணல்களில் பதில் சொல்பவர், கேட்கப்பட்ட கேள்வியின் கடைசிச் சொற்களின் முதலெழுத்தை வைத்து ஆம், இல்லை என்று கண்டபடி விடை சொன்னார். கேள்வி கேட்டவர்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிரில் இருப்பவரை நன்றாகப் புரிந்துகொண்டதாகவே நம்பினார்கள். பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்திருந்தால் இன்னும் சரியாக வந்திருக்கும். நேர்காணல் அந்தக் கணிப்பைக் கெடுத்தது. ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று சொல்லும் ஒவ்வொரு மேலாளரையும் இந்த ஆய்வைப் படிக்கவைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உங்கள் சிஸ்டம் டிசைன் விடையைப் பற்றி: கொடுத்த எண்ணுக்கு அது சரியான விடை. கேட்டவர் பெரிய அமைப்பைக் கட்டும் திறனைச் சோதிக்க நினைத்திருந்தால், போக்குவரத்து நூறு மடங்கானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். மனத்தில் ஒரு விடையை வைத்துக்கொண்டு, கேள்வியில் அதற்கு இடமில்லாத எண்ணைக் கொடுத்தது கேள்வி தயாரித்தவரின் குறை.

கோவைச் சிறுநிறுவனம்

நான் மறுபக்கத்திலிருந்து எழுத வேண்டியிருக்கிறது. கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். முந்தைய பதிவில் உள்ள ஆய்வுகளை மறுக்கவில்லை. ஆனால் அளவுகோல் எழுதிவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடும் என்ற நம்பிக்கையில் எனக்கு உடன்பாடில்லை.

எங்களைப் போன்ற இடத்தில் ஒருவரைத் தவறாகச் சேர்த்துவிட்டால், அதை உணர்வதற்கே சில மாதங்கள் ஆகும். அவரைச் சேர்ப்பதற்காக அவருடைய மூன்று மாத நோட்டீஸ் பீரியட் முழுவதும் காத்திருந்திருப்போம். அதற்குள் நல்லவர்கள் வேறிடம் போயிருப்பார்கள். தகுதியானவரை விட்டுவிட்டால் நட்டம் எங்களுக்குப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. தகுதியில்லாதவரைச் சேர்த்தால் நட்டம் தினமும் எதிரில் வந்து நிற்கும். இந்தச் சமமின்மையால்தான் சிறிய தயக்கம் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. விண்ணப்பதாரருக்கு அது அநீதியாகப் படுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தத் தயக்கத்தைப் பொருட்படுத்தாமல் இருக்க என்னால் முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வீடியோ நேர்காணலில் இன்று என்ன நடக்கிறது? கேள்வி முடிந்ததும் ஒரு சிறு இடைவெளி. கண் திரையின் ஓரத்துக்குப் போய் இடமிருந்து வலமாக நகர்கிறது. பிறகு பாடப்புத்தகம் போன்ற விடை வருகிறது. ஏன் இந்த டேட்டா ஸ்ட்ரக்சரை (தரவை அடுக்கிவைக்கும் அமைப்பை) தேர்ந்தெடுத்தீர்கள் என்று குறுக்கே கேட்டால் மறுபடி அதே இடைவெளி. அளவுகோலின்படி அந்த விடைக்கு முழு மதிப்பெண் போட வேண்டும். போட மனம் வருமா? செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு, எழுதிவைத்த விடையோடு ஒப்பிட்டு மதிப்பிடும் முறைதான் முதலில் ஏமாறுகிறது. கடைசிச் சுற்றை நேரில் வந்து முடிக்கச் சொல்லும் நிறுவனங்கள் மீண்டும் கூடிவருவது இதனால்தான்.

நாங்கள் புதிர்க் கேள்விகளை எப்போதோ விட்டுவிட்டோம். விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற கேள்விகளால் ஒரு பயனும் இல்லை என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக, எங்கள் பழைய புல் ரிக்வெஸ்ட் (கோடில் செய்த மாற்றத்தைச் சேர்க்கும் முன் மற்றவர்கள் பார்வைக்கு வைப்பது) ஒன்றைத் திறந்துவைத்து, விண்ணப்பதாரரோடு சேர்ந்து அரைமணி நேரம் படிக்கிறோம். அதில் ஒரு பிழை உண்மையாகவே இருந்தது. ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் பிடிக்க வழிவிட்ட பிழை. அதைக் கண்டுபிடிக்கிறாரா என்பதைவிட, அவர் ஒன்றைச் சொல்லும்போது நான் மறுத்தால் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்கிறேன். ஆதாரத்தைக் காட்டி வாதிடுகிறாரா, உடனே விட்டுக்கொடுக்கிறாரா, எரிச்சலடைகிறாரா என்பதில்தான் அடுத்த இரண்டு ஆண்டுகள் தெரிகின்றன. இதற்கு எப்படி ஒன்று முதல் ஐந்து வரை எண் போடுவது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பொன்னி

கோவை நண்பர் சொல்லும் புல் ரிக்வெஸ்ட் முறை நல்ல முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மறுத்தால் என்ன செய்கிறார் என்று பார்ப்பதாகச் சொல்கிறீர்களே, அந்த இடத்தில்தான் என்னைப் போன்றவர்கள் தொடர்ந்து வெளியே போகிறோம் என்பதைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன்.

நான் தென்காசிப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். குழந்தை பிறந்த பிறகு சில ஆண்டுகள் இடைவெளி விட்டு மறுபடி வேலை தேடினேன். எனக்குக் கிடைத்த நிராகரிப்புகளில் பெரும்பாலானவற்றில் காரணம் என்று ஏதாவது சொல்லப்பட்டிருந்தால் அது கம்யூனிகேஷன் என்ற ஒரு சொல்தான். நான் சொன்னது புரியவில்லையா, மெதுவாகச் சொன்னேனா, ஆங்கிலத்தில் வாக்கியம் முடியும் முன் யோசித்தேனா, அல்லது நேர்காணல் எடுத்தவர் பேசும் வேகத்தில் நான் பேசவில்லையா என்பதை யாரும் பிரித்துச் சொல்லவில்லை. இப்போது நான் இருக்கும் குழுவில் வடிவமைப்பு ஆவணங்களை எழுதுவது நான்தான். அமெரிக்கக் குழுவினர் சந்தேகம் வந்தால் நேராக எனக்குத்தான் எழுதுகிறார்கள். வேலையில் வேண்டிய தகவல் தொடர்பு வேறு, அந்நியர் ஒருவர் முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சிந்தனையை வாய்விட்டுச் சொல்வது வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் நிரப்பினால் எனக்குக் கிடைத்த மதிப்புதான் கிடைக்கும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளரும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 48 பேருக்கு ஒயிட்போர்டில் தீர்க்க ஒரே கணக்கைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் பார்வையாளர் முன் பேசிக்கொண்டே தீர்க்க வேண்டும். மற்றவர்கள் தனியறையில் அமைதியாகத் தீர்க்கலாம். பார்வையாளர் முன் நின்றவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்தப் பிரிவில் இருந்த பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினார்கள். எண்ணிக்கை சிறியது, ஆகவே பெண்கள் எல்லாரும் இப்படித்தான் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனால் அறையை மாற்றினால் தேர்ச்சி மாறுகிறது என்றால், தேர்வு எதை அளந்தது என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

கோவை நண்பரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் மறுக்கும்போது எதிர்த்து வாதிடாத பெண்ணோ, சிற்றூரிலிருந்து வந்த இளைஞரோ, திறமை இல்லாததால் அடங்குகிறாரா, நிறுவனத்தின் முதலாளி எதிரில் உட்கார்ந்திருப்பதால் அடங்குகிறாரா? முன்கூட்டியே, நான் வேண்டுமென்றே மறுத்துப் பேசுவேன், நீங்கள் உங்கள் கருத்தை வாதிடலாம் என்று சொல்லிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நீங்கள் பார்க்கும் ஆட்கள் வேறாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கோவைச் சிறுநிறுவனம்

பொன்னி அவர்களுக்கு: முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற யோசனை எனக்கு இதுவரை எழவில்லை. அடுத்த நேர்காணலிலிருந்து அப்படியே செய்கிறேன். நன்றி அம்மா.

வேளச்சேரிவாசி

எல்லாருக்கும் நன்றி. கோவை நண்பர் சொல்லும் அச்சம் எனக்குப் புரிகிறது. அவர் இடத்தில் இருந்தால் எனக்கும் அந்தத் தயக்கம் வந்திருக்கும். ஆனால் அவருக்கு எதைப் பார்க்கிறோம் என்பதாவது தெரிகிறது. என்னை நிராகரித்த இடத்தில் கடைசிச் சுற்று எப்படி நடந்தது என்றால், டைரக்டர் என் ரெஸ்யூமேயைத் திறக்கவே இல்லை. எந்தக் கல்லூரி, வீடு எங்கே, வார இறுதியில் என்ன செய்வீர்கள், மலையேற்றம் போவதுண்டா என்று கேட்டார். குழுவில் பலர் ஒன்றாகப் படித்தவர்கள் என்றும் சொன்னார். அரைமணி நேரத்தில் வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. பொருந்தவில்லை என்ற சொல் வந்தது அந்தச் சுற்றிலிருந்துதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு கேள்விகள் மிச்சமிருக்கின்றன. காரணத்தைக் கேட்டுப் பெற நம் நாட்டில் சட்டப்படி வழி உண்டா? இல்லையென்றால், மனிதவளத் துறைக்கு எழுதுவதில் ஏதாவது பயன் இருக்குமா?

பொருநை

சட்டம் படித்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்குச் சொல்கிறேன். தனியார் நிறுவனம் உங்களை ஏன் எடுக்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டிய பொதுவான கடமை நம் சட்டத்தில் இல்லை. அரசியலமைப்பின் 14, 16-ஆவது பிரிவுகள் தரும் சமவாய்ப்பு அரசுக்கும் அரசு சார்ந்த அமைப்புகளுக்கும் எதிராகத்தான் செல்லும். ஆள் எடுப்பதில் பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது; மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. குழுவுக்குப் பொருந்தவில்லை என்ற காரணத்தை எதிர்த்து இவற்றில் நுழைய முடியாது.

ஆனால் உங்கள் கடைசிச் சுற்றைப் படித்தவுடன் எனக்கு ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியில் மாணவர் சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதியவர்கள் நேர்காணலில் விழுந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடங்கள்தான் ஒதுக்கினார்கள் என்றும், பெற்றோர் யார், எந்த ஊர் என்பன போன்றவற்றைத்தான் கேட்டார்கள் என்றும் மாணவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அஜய் ஹாசியா வழக்கு என்று அறியப்படும் அதில் 1980 நவம்பரில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, நேர்காணலை முழுதாக ஒழிக்கச் சொல்லவில்லை. அகவயப்பட்ட மதிப்பீடு என்பதால் அதற்கு மொத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்துவைப்பது விரும்பத்தக்கது என்றும் சொன்னது, பின்னாளில் யாராவது கேட்டால் நீதிமன்றம் கேட்டுப் பார்க்கலாம் என்பதற்காக. 1985-இல் அரியானா குடிமைப் பணி தொடர்பான அசோக் குமார் யாதவ் வழக்கில், பொதுப் பிரிவினருக்கு நேர்காணல் மதிப்பெண் 12.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதே நீதிபதி இன்னும் இறுக்கினார். 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகள் பலவற்றில் நேர்காணலே இல்லை.

இந்தத் தீர்ப்புகள் உங்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தா. ஆனாலும் அரசு வேலைக்கு ஆள் எடுப்பதில் நாம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுத் தீர்த்துக்கொண்ட கேள்வியை, அறிவியல் முறையில் இயங்குவதாகச் சொல்லும் ஒரு துறை இன்னும் தன்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஐரோப்பாவில் விண்ணப்பித்தவர்களுக்கு நிலைமை வேறு. தேர்வுத்தாளும் அதில் திருத்துபவர் எழுதிய குறிப்புகளும் தேர்வெழுதியவரின் தனிப்பட்ட தரவுதான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017-இல் நோவாக் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த அடிப்படையில் நேர்காணல் குறிப்புகளைக் கேட்டு எழுதுவது அங்கே வழக்கமாகிவருகிறது.

பெங்களூரு பேக்எண்ட்

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: எழுதுங்கள், ஆனால் முடிவை மாற்றச் சொல்லி எழுதாதீர்கள். மறுபரிசீலனை என்ற சொல்லைக் கண்டாலே மனிதவளத் துறையினர் சட்டப் பிரிவைக் கேட்டுக்கொண்டு பொத்தாம்பொதுவான பதிலை அனுப்பிவிடுவார்கள். கடைசிச் சுற்றில் எந்தத் திறன் மதிப்பிடப்பட இருந்தது என்று மட்டும் இரண்டு மூன்று வரிகளில் கேளுங்கள். உங்களைப் பற்றிக் கேட்காமல் அவர்களுடைய முறையைப் பற்றிக் கேட்பதால், பதில் சொல்வதில் அவர்களுக்குத் தடை குறைவு. நான் இருந்த இடம் ஒன்றில் இப்படி வந்த ஒரு மின்னஞ்சலுக்கு யாராலும் பதில் எழுத முடியவில்லை; அந்தச் சுற்று எதற்கு என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அடுத்த காலாண்டில் அதற்கு ஒரு படிவம் வந்தது. மின்னஞ்சல் எழுதியவருக்கு அதனால் பயன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த முறை வேறொரு நிறுவனத்தில் தொடங்கும்போதே ரெக்ரூட்டரிடம் ஒவ்வொரு சுற்றும் எதைப் பார்க்கிறது என்று கேட்டுவிடுங்கள். சொல்லத் தெரிந்த நிறுவனத்தில் மதிப்பிடும் முறையும் ஓரளவு இருக்கும். குழுவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் நேர்காணல் எடுப்பவர்களில் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். அமேசான் 1999-இலிருந்து பார் ரெய்சர் என்ற பெயரில் இதைச் செய்கிறது. ஆள் பற்றாக்குறையால் மேலாளர் அவசரப்படும்போது தடுப்பதற்காக வந்த ஏற்பாடு அது, ஆனால் ஒரே கல்லூரிக்காரர்கள் தங்களைப் போன்றவர்களையே சேர்த்துக்கொள்வதையும் அது ஓரளவு தடுக்கும்.

கோவை நண்பர் எண் போட முடியாது என்றாரே, அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1950-களில் உளவியலாளர் டேனியல் கானமன் இளைஞராக இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தபோது, ஆள் எடுக்கும் நேர்காணலை மாற்றி அமைக்கச் சொன்னார்கள். ஆறு குணங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடந்தவற்றைப் பற்றிய கேள்விகளைக் கேட்டு, அதற்கு மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்று வைத்தார். நேர்காணல் எடுத்தவர்கள், எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்காக அவர் ஒன்றைச் சேர்த்தார்: ஆறு மதிப்பெண்ணும் போட்டு முடித்த பின், கண்ணை மூடி, இவர் எப்படிப்பட்ட சிப்பாயாக வருவார் என்று யோசித்து ஓர் எண் போடுங்கள் என்றார். ஆறின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட மிக நன்றாகக் கணித்தது. கண்ணை மூடிப் போட்ட எண்ணும் அதே அளவுக்கு நன்றாகக் கணித்தது. ஆகவே உங்கள் உள்ளுணர்வை விட்டுவிடச் சொல்லவில்லை நண்பரே. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். புல் ரிக்வெஸ்டில் பிழையைக் கண்டாரா, மறுப்புக்கு ஆதாரம் காட்டினாரா, தெரியாததைத் தெரியாது என்றாரா என்று மூன்றுக்கும் தனித்தனியே எழுதி முடித்துவிட்டு, பிறகு உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.

வேளச்சேரி நண்பரே, மின்னஞ்சலின் வரைவை எழுதியதும் நிறுவனத்தின் பெயரை நீக்கிவிட்டு இங்கே போடுங்கள். அனுப்பும் முன் பார்த்துச் சொல்கிறேன். திங்கள் காலையில் அனுப்பினால் ரெக்ரூட்டரின் கண்ணில் படும்.